சயாமுக்குப் போனவர்களுக்குச் செய்ய வேண்டிய கடன்



மலாக்கா நகருக்கு ரயில் கிடையாது. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வருகிறவர் புலாவ் செபாங்கில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ பிடித்துத்தான் நகருக்குள் நுழைய வேண்டும். வந்து இறங்குகிறவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்வார்களே தவிர, ஏன் இப்படி என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு காலத்தில் தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரைக்கும் ஒரு கிளைப்பாதை ஓடியது. ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து சயாமுக்கு அனுப்பினார்கள். போர் முடிந்து 80 ஆண்டு ஆகிவிட்டது. போன பாதை திரும்பி வரவில்லை.

இரும்பு மட்டுமா போனது? ஆட்களும் போனார்கள். தோட்டத்துக் குடும்பங்களில் "எங்க தாத்தா சயாமுக்குப் போனவர்" என்று யாராவது சொன்னால், மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த ஒரு வரியிலேயே எல்லாம் அடங்கிவிடும். மலாக்கா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி இருக்கிற லூபோக் சீனா போன்ற சின்னப் பட்டணங்களைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுக்கும் இந்த வரி புதிதல்ல. இன்றைக்கு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் இருந்த இடத்தில் தாமான்கள் வந்துவிட்டன. பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு ஐந்து வயதுக் குழந்தையாக அப்பாவை வழியனுப்பியவர் யாராவது மிஞ்சியிருந்தால், அவருக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல் வயதாகும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி நடுவில் மலாக்கா வீழ்ந்தது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. பர்மாவில் இருந்த தங்கள் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால், சயாமின் நோங் பிலாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரைக்கும் மலையையும் காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் முடிவு செய்தார்கள். 1943 அக்டோபர் 17-ல் இரண்டு பக்கமிருந்தும் வந்த தண்டவாளங்கள் சந்தித்தன. 25-ஆம் தேதி திறப்பு விழா. அந்த வருடத் தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தன.

ரப்பர் விற்காமல் தோட்டங்கள் முடங்கிக் கிடந்த நேரம் அது. அரிசி இல்லை, மரவள்ளிதான் சோறு. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை, சாப்பாடு உண்டு என்று ஆள் கட்டினார்கள். முதலில் போனவர்கள் நம்பித்தான் போனார்கள். போனவர்களிடமிருந்து கடிதம் வராமல் போகவே அடுத்தவர்கள் ஒளிந்தார்கள். அப்புறம் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று அழைத்துப் போய்க் கதவைப் பூட்டி லாரியில் ஏற்றியதாகவும், சாலையில் போனவனை அப்படியே பிடித்துப் போனதாகவும் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000-க்கு மேல். அதில் மிகப் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். போருக்குப் பிறகு போட்ட கணக்கில் ஏறக்குறைய 30,000 பேர் இறந்ததாகப் பதிவு. இதைத் தவிர 20,000-க்கு மேற்பட்டவர்கள் "ஓடிப்போனவர்கள்" என்று எழுதப்பட்டார்கள். காய்ச்சலோடு காட்டுக்குள் ஓடிப்போனவன் எங்கே போய்ச் சேர்ந்திருப்பான் என்பதை நேயர்களே யோசித்துக்கொள்ளலாம். ஆகவே சாவு எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் பலருடைய கருத்து.

பாதையில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்குச் சற்று மேல். பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்களான அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள், அதாவது ஐந்தில் ஒருவர். தோட்டத் தொழிலாளிகள் இறந்த விகிதமோ அதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. ஒரே காடு, ஒரே மழை, ஒரே ஜப்பானியக் காவல், இரண்டு பக்கமும் மருந்து இல்லை. பின் ஏன் இந்த வித்தியாசம்?

தமிழன் உடம்பு பலவீனம் என்று யாராவது சொன்னால் அது பொய். வெயிலிலும் மழையிலும் மரம் சீவிப் பழகிய உடம்பு அது. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. சிப்பாய்களோடு அவர்களுடைய அதிகாரிகளும் டாக்டர்களும் கைதிகளாகவே இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் ஒழுங்கு இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்காமல் சோறு வாங்கக் கூடாது, கழிவுக்குழியை முகாமுக்குத் தள்ளி வெட்ட வேண்டும் என்று கட்டளை போட்டு நடத்தினார்கள். மூங்கில் கீறிய சிராய்ப்பைக்கூட அன்றைக்கே கழுவச் சொன்னார்கள். நடக்க முடியாதவனை நடக்க முடிந்தவன் தூக்கினான். தோட்டத்து மக்களுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. லயத்தில் கிராணியும் கங்காணியும் பெரட்டு எடுத்துப் பழக்கப்பட்டவர்கள், அங்கே அடுத்த கொட்டகைக்காரன் யார் என்றே தெரியாமல் கலந்து கிடந்தார்கள். 1943 மே மாதம் மழை பிடித்ததும் காலரா வந்தது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடித்த முகாம்கள் சில நாட்களில் காலியாயின.

நிலைமை கைமீறிய பிறகு ஜப்பானியர்களே பயந்து, சாங்கி முகாமிலிருந்து கைதிகளில் மருத்துவம் தெரிந்தவர்களைத் தோட்டத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஜூன் மாதம் 'கே' படை என்று 230 பேர், ஆகஸ்டில் 'எல்' படை என்று 115 பேர். ஆயிரக்கணக்கான மக்களுக்கு இத்தனை பேர் எந்த மூலைக்கு? ஆனாலும் அவர்கள் போய்ச் சேர்ந்த முகாம்களில் முதலில் செய்தது ஊசி போடுவது இல்லை, ஊசி ஏது? அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சினார்கள், குழி வெட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். அன்றைக்கு ஆயிரக்கணக்கான உயிர்களுக்குக் குறைவாக இருந்தது இதுதான். மூன்று கல் வைத்து ஒரு பீப்பாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஒருவன். காலில் புண் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஒருவன். இன்னாருடைய மகன், இன்ன தோட்டத்துக்காரன் இன்று இறந்தான் என்று எழுதி வைக்க ஒருவன்.

பெயர் எழுதாத கதை தனிக் கொடுமை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர்தான் பொன் நகரம்! ஏறக்குறைய 7,000 பேருக்கு அங்கே இடம் உண்டு. பெரும்பாலான பலகைகளில் பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வைத்த தோட்டக்காரர்கள் புல் வெட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி அதைப் பேணுகிறார்கள். 1945-ல் போர் முடிந்த கையோடு ஒரு தேடுதல் குழு பாதை நெடுகப் போய், நூற்றுக்கு மேற்பட்ட இடுகாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட சிப்பாய்களின் குழிகளைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டது. தமிழர்களைத் தேடி எந்தக் குழுவும் போகவில்லை. போகச் சொல்லிக் கேட்கவும் ஆள் இல்லை. 1990-ல் காஞ்சனபுரியில் நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே இடத்தில் வெளிவந்தன. ஆசியத் தொழிலாளிகள் என்று சொன்னார்கள். எந்தத் தோட்டத்து ஆட்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இறந்த நாள் தெரியாதவருக்குத் திதி எந்த நாளில் கொடுப்பது? வருவார், வருவார் என்று தாலியைக் கழற்றாமலே இருந்து இறந்துபோன பெண்கள் தோட்டங்களில் இருந்தார்கள்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். காஞ்சனபுரியில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை வைத்திருக்கும் வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த ஆலயத்தில், 2023 மே மாதம் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் உள்ள தமிழ் ஆர்வலர்களின் முயற்சி அது. தமிழக அரசும் நிதி அறிவித்தது. பாராட்ட வேண்டிய காரியம். 80 ஆண்டு காத்திருந்து வந்த கல் அது.

ஆனால் லூபோக் சீனாவில் இருக்கிற ஒரு குடும்பம் காஞ்சனபுரிக்கு எத்தனை முறை போக முடியும்? போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிய பிறகு என்ன? இந்த உரைக்குக் காரணமான கேள்வி இதுதான். அரசாங்கம் ஒரு நாளை நினைவு நாளாக அறிவித்தால் நல்லது. அறிவிக்காவிட்டாலும், ஊருக்குள் இருந்தபடியே இந்தக் கடனைத் தீர்க்க வழி இருக்கிறது. அங்கே செத்தவர்களுக்கு எது கிடைக்கவில்லையோ, அதை இங்கே உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கிடைக்கச் செய்யலாம்.

இது புதுமையான யோசனையும் அல்ல. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் மாண்டவர்களின் நினைவு நாளை 2009-ல் சேவை நாளாகவும் அறிவித்தார்கள். அன்றைக்கு அங்கே பலர் இரத்தம் கொடுக்கிறார்கள், உணவுப் பொட்டலம் கட்டுகிறார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இதே ரயில் பாதையில் கைதிகளுக்கு மருத்துவம் பார்த்த ஆஸ்திரேலிய டாக்டர் எட்வர்ட் டன்லோப் இருந்தார். காஞ்சனபுரிக் கடைக்காரர் பூன்பாங், உயிரைப் பணயம் வைத்து முகாம்களுக்குள் மருந்து கடத்திக் கொடுத்தார். இந்த இருவர் பெயரிலும் பிற்காலத்தில் ஓர் உதவித் திட்டம் ஏற்பட்டு, தாய்லாந்து அறுவை மருத்துவர்கள் ஆஸ்திரேலியா போய்ப் பயிற்சி பெறுகிறார்கள். அந்தப் பயிற்சியின் பலன் கடைசியில் தாய்லாந்து நோயாளிக்குத்தான் போய்ச் சேருகிறது.

இன்னொருவர் நாகாசே தகாஷி. ஜப்பானிய ராணுவப் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து, கைதிகளைச் சித்திரவதை செய்தபோது பக்கத்தில் நின்றவர். 1945-ல் மேலே சொன்ன தேடுதல் குழுவோடும் மொழிபெயர்க்கப் போனார். குழி குழியாகப் பார்த்தது அவரைத் தூங்க விடவில்லை. 1960-களில் தொடங்கி நூறு தடவைக்கு மேல் தாய்லாந்துக்குப் போனார். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குத் தன் பணத்தைச் செலவழித்தார், கோயில் கட்டினார். சித்திரவதைக்கு ஆளான எரிக் லோமாக்ஸ் 1993-ல் அவரை நேரில் சந்தித்துப் பிறகு மன்னித்தார். நாகாசே 2011-ல் காலமானார். கொடுமை செய்த பக்கத்தில் நின்றவரே இத்தனை வருடம் உழைத்தார். இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பங்குக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் தவறாகுமா?

முதலில் புண்ணைப் பார்ப்போம். சயாமில் மூங்கில் கீறல் அழுகிக் கால் போனது. இன்றைக்குத் தோட்டப்புறத்திலும் தாமான்களிலும் கால் போவது இனிப்புநீரால். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் அதைவிட அதிகம். தனியாக இருக்கிற பாட்டிக்குக் கால் மரத்துப்போய் இருக்கும், ஆணி குத்தினாலும் தெரியாது. குனிந்து உள்ளங்காலைப் பார்க்க இடுப்பு வளையாது. பக்கத்து வீட்டுப் பையன் வாரத்துக்கு ஒரு நாள் போய், "பாட்டி, காலைக் காட்டுங்க பார்ப்போம்" என்றால் என்ன நடக்கும்? "அட, சின்னப் புண்ணுதான்யா, மஞ்சள் வச்சிருக்கேன்" என்பார். அந்தச் சின்னப் புண்ணைப் பார்த்த அன்றைக்கே அவரை மோட்டார் சைக்கிளிலோ காரிலோ அரசாங்க கிளினிக்குக் கொண்டுபோனால் கால் மிஞ்சும். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுபோனால் மிஞ்சாது. இதற்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்லை. ஒரு டார்ச்லைட்டும் பத்து நிமிடமும் போதும். பத்து இளைஞர்கள் ஆளுக்கு மூன்று வீடு எடுத்துக்கொண்டால் ஒரு தாமான் முடிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நாடு முன்னேறிவிட்டது. குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிறது. இப்போது கவனிக்க வேண்டியது தேங்கி நிற்கிற தண்ணீரை. டிங்கிக் கொசு முட்டையிடுவது பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் வைத்து, கோயில் வளாகத்தையும் தோட்டத்து இடுகாட்டையும் சுத்தம் செய்வது பழைய வழக்கம். பல இடங்களில் தோட்டம் கைமாறியதும் இந்த வழக்கமும் போய்விட்டது.

மூன்றாவதான பெயர் எழுதும் வேலை, மற்ற இரண்டையும்விடக் கடினமானது. சயாமில் பெயர் இல்லாமல் செத்தார்கள் என்று கண்ணீர் விடுகிற அதே சமுதாயத்தில், பிறப்புப் பத்திரம் இல்லாமல், அடையாளக் காட் இல்லாமல், அல்லது சிவப்பு அடையாளக் காட்டோடு இன்னமும் ஆட்கள் இருக்கிறார்கள். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து பதியப்படாமல் போனவர்கள் ஒரு வகை. குழந்தை இல்லாத உறவினருக்குக் காகிதம் எதுவும் இல்லாமல் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் ஒரு வகை. கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது, அதுதான் கல்யாணம் என்று இருந்துவிட்ட பெற்றோரின் பிள்ளைகள் இன்னொரு வகை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணம் சட்டப்படி பதியப்பட வேண்டும். கோயில் சடங்கு மட்டும் போதாது. பதியாத திருமணத்தில் பிறக்கிற பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் வரும். தாய் வெளிநாட்டுக்காரியாகவோ, தானே காகிதம் இல்லாதவளாகவோ இருந்தால் பிள்ளையின் கதி என்ன? பள்ளியில் சேர்க்கத் தடுமாற்றம், ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம், வேலைக்குப் போனால் இ.பி.எஃப். இல்லை. 2011-ல் மைடஃப்தார் என்ற பெயரில் அரசாங்கம் நாடு முழுவதும் பதிவு இயக்கம் நடத்தியது. பலருக்கு வழி பிறந்தது. ஆனாலும் பிரச்சினை தீர்ந்தபாடில்லை.

இதில் பொதுச்சேவைக்கு என்ன இடம் என்று கேட்கலாம். நிறைய இடம் உண்டு. பத்திரம் இல்லாதவர் பெரும்பாலும் எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர். மலாய் பாரத்தைப் பார்த்ததும் பயந்துவிடுவார். ஒரு முறை கவுண்டரில் "இது குறைகிறது, அது குறைகிறது" என்று திருப்பி அனுப்பினால் மறுபடி போக மாட்டார், ஒரு நாள் சம்பளம் போகும் என்று வேறு கவலை. அவரோடு கூடப் போய் உட்கார ஒரு ஆள் வேண்டும். பாரம் நிரப்ப, பழைய பள்ளிக்கூடப் பதிவைத் தேடி எடுக்க, பிறப்பைப் பார்த்த கிழவியைச் சாட்சிக்கு அழைத்துவர, மூன்றாவது முறையும் நான்காவது முறையும் சலிக்காமல் கூட வர வேண்டும். எஸ்.பி.எம். முடித்துவிட்டுப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. தம்பி, தங்கைகளே, கைப்பேசியில் பாரம் இறக்கத் தெரிந்த உங்களுக்கு அரை மணி நேரம் ஆகிற காரியம், அந்தப் பெரியவருக்கு ஆயுளில் பாதியைத் தின்றிருக்கிறது.

சேவை என்றதும் மேடை, மாலை, பொன்னாடை, கதவு அகலத்துக்கு ஒரு மாதிரிக் காசோலை, அதைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு ஒரு படம் என்றுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அந்தப் படத்தைப் போட்டுத்தான் பழக்கின, பழி எல்லாருக்கும் உண்டு. பதிவு இலாகாவில் ஒரு பாட்டியோடு நான்கு மணி நேரம் காத்திருப்பதைப் படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

இன்னொரு விஷயம் சிலருக்குக் கசக்கலாம், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்றைக்குத் தோட்டத்து லயத்தில் இருப்பவர்கள் யார்? வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியர். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்து, சொன்ன சம்பளம் ஒன்று கிடைக்கிற சம்பளம் ஒன்று என்று, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் வேலை செய்கிறவர்கள் அவர்களில் உண்டு. 1943-ல் தமிழன் சயாமில் எப்படி நின்றானோ, அதற்கு வெகு தூரத்தில் இல்லை இது. அங்கே காய்ச்சலில் கிடந்த தமிழனுக்கு ஒரு குவளை சுடுதண்ணீர் கொடுக்க அந்த ஊர்க்காரன் யாராவது வந்திருந்தால், இன்றைக்கும் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். அப்படியானால், லூபோக் சீனா கடைவீதியில் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு மொழி தெரியாமல் விழிக்கிற வங்காளதேசிப் பையனுக்கு வழி காட்டுவது யார் வேலை? "அவனுக்கு ஏன் நாம் செய்ய வேண்டும்" என்று கேட்கிற வீட்டிலும் சயாமுக்குப் போன தாத்தாவின் கதை இருக்கலாம்.

ஆள் பிடிக்கும் கூட்டமும் ஒழியவில்லை. 2022 முதல், தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் கம்ப்யூட்டர் வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போன மலேசிய இளைஞர்கள், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிப் பக்கம் கொண்டுபோகப்பட்டு மோசடிக் கும்பல்களிடம் அடைபட்ட செய்திகளை வாசகர்கள் படித்திருப்பீர்கள். அன்றைக்கு மரண ரயில் கடந்ததும் இதே தாய்லாந்து, மியன்மார் எல்லையைத்தான். அன்று ஒரு வெள்ளி என்றார்கள், இன்று டாலர் என்கிறார்கள். வேலைக்குப் போகிறேன் என்று பெட்டி கட்டுகிற தம்பியிடம் கம்பெனி பெயர் என்ன, விலாசம் என்ன, யார் டிக்கெட் எடுத்தார்கள் என்று உட்கார்ந்து விசாரிக்கிற ஒரு அண்ணனாவது ஊரில் இருக்க வேண்டும். வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கக் கோயில் மண்டபத்தில் ஒரு மாலை நேரம் போதும்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது, யாரும் அழைக்காமலே படகோடு வந்தவர்கள் உண்டு. பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் ஆயிரக்கணக்கானோருக்குச் சமைத்து அனுப்பினார்கள். அந்த அடுப்பு வெள்ளத்தன்று புதிதாக மூட்டியது அல்ல. தினமும் எரிகிற அடுப்பு என்பதால்தான் அன்றைக்கு அவ்வளவு பேருக்கு உலை வைக்க முடிந்தது.

லூபோக் சீனாவில் எங்கே தொடங்குவது? தீபாவளிக்கு முந்தைய நாள் முன்னோருக்குப் படைக்கிற வழக்கம் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு. ரயில் பாதை திறந்ததும் அதே ஐப்பசியில்தான். படையல் நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் பழைய பேச்சை எடுப்பார்கள். அப்போது பிள்ளைகள் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரலாம். சயாமுக்குப் போனவர் பெயர், அவருடைய அப்பா பெயர், எந்தத் தோட்டம், யாரோடு போனார், இவ்வளவு கேட்டால் போதும். சொல்கிறவர் தடுமாறினால் அவசரப்படுத்தக் கூடாது. ஒரு பெயரைச் சொல்ல ஒரு சாயங்காலம் முழுக்க ஆகலாம். ஒவ்வொரு வீட்டு நோட்டையும் சேர்த்து ஊருக்கு ஒரு பிரதி தமிழ்ப்பள்ளி நூலகத்தில் வைக்கலாம். காஞ்சனபுரியில் இல்லாத பெயர்ப் பலகையை மலாக்காவின் ஒரு பள்ளி அலமாரியிலாவது வைத்தது போலாகும்.

அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு பட்டியல் தொடங்கட்டும். தனியாக இருக்கிற பெரியவர்கள், காலில் புண் உள்ளவர்கள், பத்திரம் இல்லாத பிள்ளைகள், கிளினிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாதவர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இந்த வாரம் யார் போவது, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதி, போய் வந்ததும் அவரவர் கையெழுத்துப் போட ஓர் இடம் விட்டிருக்க வேண்டும்.